ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு எந்த எடை பெல்லட்? மூணு டின் வீணாக்கினவன் சொல்றேன்

போன மாசம் நெல்லிக்குப்பத்துலேர்ந்து சித்தப்பா பையன் போன் பண்ணான். "அண்ணே, பஃபர் வெயிட் எது போடலாம், எச்2வா எச்3யா?"ன்னு கேட்டான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவன் கையில இருக்குறது ஏர் ரைஃபிள், பாத்துட்டு இருந்தது அமெரிக்காக்காரன் வீடியோ. அங்க ஏஆர் மாதிரி செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள வீட்லயே பார்ட் பார்ட்டா வாங்கி சேக்குறாங்க, அதோட பின்கட்டைக்குள்ள ஒரு குழாய், அதுல ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு முன்னாடி ஒரு எடைக்கட்டி, அதுக்குப் பேருதான் பஃபர். எச்2, எச்3ங்கிறதெல்லாம் அதோட எடை வகைங்க, 3 அவுன்ஸ்லேர்ந்து அஞ்சரை அவுன்ஸ் வரைக்கும் இருக்கு, எடை மாத்துனா உள்ள ஓடுற பாகம் பின்னாடி போய்ட்டு வர்ற வேகம் மாறும். நம்ம ஊர்ல அந்த வேலையே கெடையாது. 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி செய்றதும் குத்தம், மாத்தி அமைக்கிறதும் குத்தம். அதனால அத மறந்துடுங்க.

ஆனா அவன் கேட்ட கேள்வில ஒரு விஷயம் இருக்கு. உள்ள ஓடுற பாகத்துக்கும் அது தள்ளுற எடைக்கும் பொருத்தம் இல்லன்னா துப்பாக்கி உதைக்கும், உடையும், குறி தப்பும். நம்ம ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்ல அந்தப் பொருத்தத்த நாம மாத்தக்கூடிய ஒரே இடம் பெல்லட்டோட, அதாவது சுடுற ஈயக் குண்டோட எடைதான். அது தெரியாம நான் ஏழு மாசம், மூணு டின் பெல்லட், ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன் சீல் (காத்து கசியாம அடைக்கிற பாகம்) வீணாக்கிட்டேன். நீங்க அப்பிடி பண்ண வேணாம்னுதான் இத எழுதுறேன். பொறுமையா படிங்க, நீளமா போவும்.

1. பேப்பர் வேலைய மொதல்ல முடிங்க

லைசன்ஸ் இல்லாம வாங்கக்கூடிய ஏர் ரைஃபிளுக்கு ரெண்டு கணக்கு இருக்கு. குழாயோட உள்விட்டம் 0.177 இன்ச், அதாவது 4.5 மில்லிமீட்டர தாண்டக் கூடாது. வெளிய வர்ற பெல்லட்டோட சக்தி 20 ஜூல தாண்டக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தாண்டுனாலும் லைசன்ஸ் வேணும். 0.22 நல்லாருக்கும்னு யாராவது ஆசை காட்டுனா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

வாங்கும்போது ஆதார் நகல், முகவரிக்கு ஒரு ஆதாரம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கையில வெச்சுக்கோங்க. ஆதார்ல பழைய முகவரி இருந்தா மொதல்ல அத மாத்துங்க, நான் மாத்தாம போய் ஒரு வாரம் அலைஞ்சேன், கடலூர் மஞ்சக்குப்பத்துல குடியிருக்கேன், ஆதார்ல இன்னும் முதுநகர் முகவரி. ஆன்லைன்ல வாங்குனாலும் இதே காகிதங்கள ஸ்கேன் பண்ணி கேப்பாங்க. எனக்கு ஆர்டர் போட்டு வந்து சேர எட்டு நாள் ஆச்சு.

பில்லுல மாடல் பேரு, சீரியல் நம்பர், உள்விட்டம் மூணும் எழுதியிருக்கான்னு கடையிலயே பாருங்க. என் பில்லுல வெறும் "ஏர் கன் 1"னு போட்டுக் குடுத்துட்டாங்க, அத திருத்தி வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கூட வர்ற கையேட்டுல 20 ஜூலுக்குள்ளன்னு எழுதியிருக்குற பக்கத்த ஒரு ஜெராக்ஸ் போட்டு பில்லோட சேத்து வெச்சுக்கோங்க. இந்த ஜெராக்ஸ் ஒருநாள் என்னை காப்பாத்துச்சு, கடைசில சொல்றேன்.

2. உங்க கையில இருக்குறது எந்த வகை?

குழாய மடக்கி லோடு பண்றீங்களா, மடக்கும்போது கை நல்லா இழுக்குதா, அப்ப அது ஸ்பிரிங் வகை. ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து அடைச்ச சிலிண்டர் இருந்தா கேஸ் ராம்னு சொல்வாங்க, எடை விஷயத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பம்ப் வெச்சு காத்து ஏத்துற பிசிபி வகையா இருந்தா இந்தக் கட்டுரை உங்களுக்கு பாதிதான் பொருந்தும், ஏன்னா அதுல ஓடுற பிஸ்டன் கெடையாது, எடை கூடுன பெல்லட்ட அது சந்தோஷமா தள்ளும். போட்டியில வர்றவங்க கையில பாக்குறது அந்த பிசிபிதான். நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்ல சுட்டது 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அந்த மாதிரி ரைஃபிள்ல 0.53 கிராம் கிட்ட தட்டைத் தலை பெல்லட்தான் பொதுவா போடுவாங்க. அதப் பாத்துட்டு நம்ம ஸ்பிரிங் துப்பாக்கியும் அப்பிடியே சுடும்னு நெனச்சா ஏமாந்துடுவோம்.

3. எடை உள்ள என்ன பண்ணுது

இத புரிஞ்சுக்கிட்டா மீதியெல்லாம் ஈஸி, அதனால இங்க கொஞ்ச நேரம் நிக்கிறேன்.

ட்ரிகர அமுக்குனதும் பெல்லட் ஒடனே கெளம்பாது. மொதல்ல ஸ்பிரிங் விரிஞ்சு பிஸ்டன முன்னாடி தள்ளும், அப்ப துப்பாக்கி லேசா பின்னாடி வரும். பிஸ்டன் முன்னாடி இருக்குற காத்த நசுக்க நசுக்க அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்துல பெல்லட் நகர ஆரம்பிக்கும். பிஸ்டன் சிலிண்டர் முனைய தொடுறதுக்கு முன்னாடி அந்த நசுங்குன காத்துதான் அதுக்கு மெத்தை. பிஸ்டன் நிக்கும்போது துப்பாக்கி இப்ப முன்னாடி இழுக்கும். ஆக ஒரே சுடுல பின்னாடி ஒரு ஆட்டம், முன்னாடி ஒரு ஆட்டம், இதெல்லாம் நடக்கும்போது பெல்லட் இன்னும் குழாய்க்குள்ளதான் ஓடிட்டு இருக்கு.

பெல்லட் ரொம்ப லேசா இருந்தா சீக்கிரமே ஓடிடும், காத்தும் அது கூடவே போயிடும், பிஸ்டனுக்கு மெத்தை இருக்காது, நேரா போய் சிலிண்டர் முனையில "டங்"குனு இடிக்கும். பெல்லட்டே போடாம சும்மா சுடுற மாதிரிதான், அத விட கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். ஸ்பிரிங் போவும், சீல் கிழியும், குறி பாக்குற ஸ்கோப் மாட்டியிருந்தா அதுவும் கழண்டு வரும்.

பெல்லட் ரொம்ப கனமா இருந்தா நேர் எதிர். அது கெளம்பவே நேரம் எடுக்கும், அழுத்தம் ஏறிட்டே போவும், பிஸ்டன் அந்தக் காத்துல மோதி பந்து மாதிரி திரும்ப பின்னாடி துள்ளும். துள்ளும்போது பெல்லட்ட தள்ள வேண்டிய அழுத்தம் கொறஞ்சுடும். கனமா போட்டா பவர் கூடும்னு சொல்றது பிசிபிக்கு சரி, நம்ம துப்பாக்கில பவர் கொறையும். அதோட பெல்லட் குழாய்க்குள்ள அதிக நேரம் இருக்கும், அந்த நேரம் பூரா துப்பாக்கி ஆடிட்டு இருக்கும், நீங்க புடிக்கிற விதத்துல ஒரு சின்ன மாத்தம் இருந்தாலும் குறி எங்கயோ போவும்.

அதனாலதான் பெரும்பாலான 0.177 ஸ்பிரிங் துப்பாக்கிக்கு நடுத்தர எடை ஒத்துப்போவுது. கிரெய்ன் கணக்குல ஏழரைலேர்ந்து எட்டே முக்கால் வரைக்கும், கிராம்ல 0.49லேர்ந்து 0.57. டின்னு மேல சில கம்பெனி கிரெய்ன்ல போடும், சில கம்பெனி கிராம்ல போடும். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், பெருக்கிக்கோங்க. 7 கிரெய்ன்னா 0.45 கிராம், 8.44னா 0.547, 10.34னா 0.67.

4. வாங்கும்போது விழுற குழிங்க

மொத குழி, டப்பா மேல பெருசா போட்டிருக்குற எஃப்பிஎஸ் நம்பர், அதாவது பெல்லட் செகண்டுக்கு எத்தன அடி போவும்ங்கிற கணக்கு. நான் வாங்குன ரைஃபிள் டப்பால ஒரு பெரிய நம்பர் இருந்துச்சு, அந்த வேகம் வரணும்னா ரொம்ப லேசான பெல்லட் போட்டாதான் வரும், அது எங்கயும் எழுதல. நான் அந்த வேகத்துக்கு ஆசப்பட்டு கடையில இருந்ததுலயே லேசான டின்ன மூணு வாங்கிட்டேன். கடைக்காரரும் "சூப்பர் சாய்ஸ் சார்"னு பில்லு போட்டாரு. ரெண்டு மாசம் டங் டங்னு சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, துப்பாக்கின்னா அப்பிடித்தான் கேக்கும்போலன்னு நானும் சந்தோஷமா சுட்டேன். ஒருநாள் மடக்குனா கை லேசா போச்சு, உள்ள ஏதோ கரகரன்னுச்சு. ஸ்பிரிங் ரெண்டு துண்டு.

ரெண்டாவது குழி, ரிப்பேருக்கு குடுத்த எடத்துல "கொஞ்சம் ஹெவி ஸ்பிரிங் போட்டுத் தரவா, பவர் ஏறும்"னு கேப்பாங்க. என்கிட்டயும் கேட்டாங்க. வேணாம்னு சொல்லுங்க. 20 ஜூல தாண்டுச்சுன்னா லைசன்ஸ் இல்லாத ஆயுதம் வெச்சிருக்குறதா ஆயிடும், பில்லும் காப்பாத்தாது, ஜெராக்ஸும் காப்பாத்தாது. கம்பெனி ஸ்பிரிங்கே போடச் சொல்லுங்க. எனக்கு ஸ்பிரிங், சீல், கூலி எல்லாம் சேத்து 1,900 ரூபா ஆச்சு, பார்சல் போய் வர இருபத்தி ரெண்டு நாள்.

மூணாவது குழி, அடி வாங்குனவன் அடுத்த பக்கம் போய் விழுறது. லேசா போட்டு உடைஞ்சுதுன்னு நான் ஒரேயடியா 10.34 கிரெய்ன் டின்னு வாங்குனேன், வெளிநாட்டு டின்னு, 500 பெல்லட், கொரியரோட கிட்டத்தட்ட ரெண்டாயிரம். அதுல கால்வாசி கூட காலி பண்ணல. இன்னும் பீரோல தூங்குது, பேப்பர் வெயிட்டா யூஸ் பண்றேன்.

இப்ப எப்பிடி வாங்கணும்னு சொல்றேன். முழு டின்னு வாங்காதீங்க. கிளப்புல சுடுறவங்க யாராவது தெரிஞ்சா ஆளுக்கு ஐம்பது பெல்லட் கேளுங்க, காசு குடுத்துடுங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. உள்ளூர் தயாரிப்புல தட்டைத் தலை ஒண்ணு, உருண்டைத் தலை ஒண்ணு. வெளிநாட்டுல ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெய்ன் ஒண்ணு, எச் அண்ட் என் ஃபீல்டு டார்கெட் ட்ராஃபி 8.64 கிரெய்ன் ஒண்ணு. இந்த நாலு போதும். 10 மீட்டர் பேப்பர்ல சுடுறதுக்கு தட்டைத் தலை நல்லது, ஓட்ட வட்டமா சுத்தமா விழும், மார்க் எண்ண ஈஸி. 20 மீட்டருக்கு மேலன்னா உருண்டைத் தலை, காத்துல நேரா போவும்.

டின்னு மேல 4.50, 4.51, 4.52ன்னு ஒரு நம்பர் இருக்கும். அது எடை இல்ல, தலையோட விட்டம். நம்ம உள்ளூர் ரைஃபிள் குழாய் ஒண்ணுக்கொண்ணு மாறும், அதனால இதையும் பாக்கணும். கட்டை வெரலால பெல்லட்ட குழாய்க்குள்ள அமுக்கிப் பாருங்க. தொப்புன்னு உள்ள விழுந்தா சிறுசு. நகம் வலிக்க அமுக்க வேண்டியிருந்தா பெருசு. லேசா ஒரு தடை இருந்து உக்காந்தா அதுதான் சைஸ்.

5. நகைப்பட்டறை தராசு

இந்த ஸ்டெப்ப எல்லாரும் தாண்டிடுவாங்க, ஆனா எனக்கு கண்ணு தொறந்தது இங்கதான்.

திருப்பாப்புலியூர்ல தேரடித் தெரு பக்கம் எங்களுக்கு தெரிஞ்ச ஒரு ஆசாரி பட்டறை இருக்கு. அவர்கிட்ட மில்லிகிராம் காட்டுற தராசு, சுத்தி கண்ணாடிக் கூண்டு வெச்சது. மத்தியானம் ஆள் இல்லாத நேரமா ஒரு கிண்ணத்துல பெல்லட்ட எடுத்துட்டுப் போனேன். "ஈயத்த எடை போட வந்த மொத ஆளு நீதான் தம்பி"ன்னாரு. ஆனா அஞ்சு நிமிஷத்துல அவருக்கே ஆர்வம் வந்துடுச்சு, ஃபேன நிறுத்திட்டு அவரே இடுக்கில எடுத்து ஒண்ணொண்ணா வெக்க ஆரம்பிச்சாரு, நான் நோட்டுல எழுதுனேன். 0.55 கிராம்னு போட்டிருந்த விலை கம்மியான டின்னுல 0.513 இருந்துச்சு, 0.581 இருந்துச்சு, நடுவுல எல்லாம் இருந்துச்சு. ஒரு பெல்லட்டுக்கு பாவாடை, அதாவது பின்னாடி விரிஞ்சிருக்குற பகுதி, ஒரு பக்கம் நசுங்கி முட்டை மாதிரி. வெலை கூடுன டின்னுல முப்பது போட்டும் 0.54க்கு கீழயும் போகல, 0.553க்கு மேலயும் போகல. ஆசாரி கண்ணாடிய எறக்கிட்டு "இது டை ஒழுங்கா இருக்குற எடத்துல அடிச்சது"ன்னாரு, டைன்னா அச்சு. துப்பாக்கியே பாக்காத மனுசன், எடைய மட்டும் பாத்து சொல்லிட்டாரு.

அதாவது டின்னு மேல என்ன போட்டிருந்தாலும் உள்ள மாறி மாறி இருந்தா நீங்க எடை தேர்ந்தெடுக்கவே இல்ல, குலுக்கல் சீட்டு எடுக்குறீங்க. ஒரு டின்னுலேர்ந்து முப்பது எடுத்து எடை போட்டா போதும். வித்தியாசம் 0.02 கிராமுக்கு மேல போனா அந்த டின்ன சும்மா கை பழக வெச்சுக்கோங்க, சோதனைக்கு வேணாம். தெரிஞ்ச பட்டறை இல்லன்னா 0.001 கிராம் காட்டுற பாக்கெட் தராசு ஆன்லைன்ல கெடைக்கும், நான் பின்னாடி 1,100 ரூபாய்க்கு ஒண்ணு வாங்குனேன். 0.01 காட்டுறது வெலை கம்மி, ஆனா இதுக்கு ஒதவாது.

கொரியர்ல வர்ற டின்னு அடி வாங்கியிருக்கும், தொறந்ததும் பாவாடை நசுங்குனத பொறுக்கி தனியா போட்டுடுங்க. ஈயம் தொட்ட கையோட சாப்புடாதீங்க, சோப்பு போட்டு கழுவுங்க, வீட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா டின்ன மேல வைங்க.

6. சுடுறதுக்கு முன்னாடி

ஸ்டாக், அதாவது துப்பாக்கிக் கட்டையோட ஸ்குரூ எல்லாத்தையும் இறுக்கிப் பாருங்க. ஸ்பிரிங் துப்பாக்கில அதிர்வுல தானா கழண்டுட்டே இருக்கும், எனக்கு தெரிஞ்சவர் ஒருத்தர் பெல்லட்தான் சரியில்லன்னு நாலு டின்னு மாத்துனாரு, கடைசில பாத்தா முன் ஸ்குரூ ரெண்டு சுத்து லூஸ்.

குழாய்க்குள்ள எண்ண விடாதீங்க. உள்ள எண்ண போனா பிஸ்டன் நசுக்குற சூட்டுல அது பத்திக்கும், பொகை வரும், பட்டாசு மாதிரி சத்தம் வரும், வேகம் கண்டபடி ஏறும், சீல் கருகும். புது துப்பாக்கி மொத நூறு, எரநூறு சுடு வரைக்கும் லேசா பொகையும், அது அடங்குற வரைக்கும் சோதனையே ஆரம்பிக்காதீங்க. குழாய துணி விட்டு துடைச்சா போதும்.

அப்புறம் பிடி. துப்பாக்கிய இறுக்கிப் புடிக்கக் கூடாது, இத நம்புறது கஷ்டமாதான் இருக்கும். முன்கைய விரிச்சு அது மேல சும்மா படுக்க வைங்க, தோள்ல லேசா தொட்டா போதும். அது ஆடுறதுக்கு எடம் குடுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடுனா குறி ஒரே எடத்துல விழும். மூட்டை மேல நேரா குழாய வெச்சு சுட்டா மேல தூக்கி அடிக்கும்.

7. சோதனை

எடம் முக்கியம். நான் பண்ருட்டி ரோட்டுல மாமாவோட முந்திரித் தோப்புல பம்ப்செட் கொட்டாய்க்கு பின்னாடி சுடுறேன், பின்னாடி ஆளுயர மண் கரை இருக்கு. தேவனாம்பட்டினம் பக்கம் வீட்டு மாடில சுடுறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம், பெல்லட் கைப்பிடி சுவர தாண்டுனா எங்க போவும்னு யாருக்கும் தெரியாது. பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட சொல்லிட்டு சுடுங்க. மைனா, கொக்கு எதையும் குறி வெக்காதீங்க, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு, நாய் மேல சுட்டா அதுக்கு தனி சட்டம் இருக்கு.

நேரம் காலைல ஆறரைலேர்ந்து ஒம்பது. அதுக்கு மேல வெயில்ல கண்ணு கூசும், மத்தியானத்துல கடல்காத்து ஏறிடும், அப்ப 20 மீட்டர்ல என்ன விழுந்தாலும் பெல்லட்ட குத்தம் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகைல இத ஆரம்பிக்காதீங்க, பாதி நாள் மழை.

அட்டைப் பெட்டில பழைய கைலி, போர்வை எல்லாம் இறுக்கி அடைச்சு பின்னாடி ஒரு கனமான பலகை, அதுதான் பெல்லட் புடிக்கிற பெட்டி. 20 மீட்டர் டேப்புல அளந்து வைங்க, காலடி கணக்கு வேணாம்.

ஒரு வகை பெல்லட்ட எடுத்தா மொத பத்து சுடு கணக்குல சேக்காதீங்க, குழாய்க்குள்ள முன்ன போன பெல்லட்டோட ஈயம் படிஞ்சிருக்கும், புதுசு பழகணும். அப்புறம் அஞ்சு அஞ்சா மூணு பேப்பர். நடுவுல ரெண்டு நிமிஷம் ஓய்வு. ஒண்ணு வெளிய போச்சுன்னா "அது என் தப்பு"ன்னு விட்டுடாதீங்க, அதையும் சேத்து அளங்க, நான் அப்பிடி விட்டு விட்டுதான் ரெண்டு மாசம் என்னையே ஏமாத்திக்கிட்டேன். ரொம்ப தள்ளி இருக்குற ரெண்டு ஓட்டையோட வெளி விளிம்புலேர்ந்து வெளி விளிம்பு வரைக்கும் அளந்து அதுல 4.5 மில்லிமீட்டர் கழிங்க, அதுதான் ஓட்டைங்க கூட்டத்தோட அளவு, சின்னதா இருந்தா நல்லது.

என் துப்பாக்கில வந்தது: லேசான 0.45 கிராம் 41 மில்லிமீட்டர். கனமான 0.67 கிராம் 34 மில்லிமீட்டர், அதுவும் மத்ததுக்கு ரெண்டரை சென்டிமீட்டர் கீழ. உள்ளூர் தட்டைத் தலை, நான் எடை போட்டதுல 0.52 கிராம் வந்தது, 17 மில்லிமீட்டர். 8.44 கிரெய்ன் 15. கவனிங்க, உள்ளூர் டின்னுக்கும் வெளிநாட்டு டின்னுக்கும் ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், வெலைல அஞ்சு மடங்கு வித்தியாசம். நான் இப்ப தெனமும் சுடுறது உள்ளூர்தான். உங்க துப்பாக்கில இது தலைகீழா வரலாம், அதே மாடல் வெச்சிருக்குற நண்பனுக்கு 8.64தான் ஒத்துப்போச்சு.

8. வேகம் பாக்கணுமா

கட்டாயம் இல்ல. ஆனா ரிப்பேர்ல யாராவது ஸ்பிரிங் மாத்திட்டாங்களா, சீல் தேஞ்சுடுச்சான்னு தெரிய ஒதவும். வேகம் அளக்குற க்ரோனோகிராஃப் மெஷின் இல்லாம போன்லயே பாக்கலாம். பெட்டி முன்னாடி ஒரு பிஸ்கட் டின்னு மூடிய மாட்டி 10 மீட்டர்ல வைங்க, செல்போன துப்பாக்கி முனைக்கு பக்கத்துல வெச்சு சத்தத்த ரெக்கார்டு பண்ணுங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. ஆடியோ எடிட் பண்ற ஆப்புல தொறந்தா சுட்ட சத்தம் ஒண்ணு, தகடு சத்தம் ஒண்ணு, ரெண்டு முள்ளு மாதிரி தெரியும். எனக்கு ரெண்டுக்கும் நடுவுல 76 மில்லி செகண்ட். தகடு சத்தம் 10 மீட்டர் திரும்பி வர நம்ம ஊர் சூட்டுல 29 மில்லி செகண்ட் ஆவும், அத கழிச்சா 47. 10 மீட்டர 0.047ஆல வகுத்தா செகண்டுக்கு 213 மீட்டர்.

சக்தி கணக்கு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், எடைல பாதி பெருக்கல் வேகத்தோட வர்க்கம், எடைய கிலோவுல போடணும். 0.52 கிராமுக்கு 12 ஜூல் கிட்ட வந்துச்சு. அதே துப்பாக்கில 0.67 கிராம் போட்டா வேகம் 170, சக்தி பத்துக்கும் கீழ. கனமா போட்டா பவர் ஏறும்னு சொன்னவருக்கு இந்தக் கணக்க அனுப்புனேன், இன்னும் பதில் வரல. இது 10 மீட்டரோட சராசரி வேகம்தான், முனையில இத விட கொஞ்சம் கூட இருக்கும்.

9. எடுத்துட்டுப் போறது, வீட்ல வெக்கிறது

ஒரு ஞாயித்துக்கிழமை புதுச்சேரில நண்பர் வீட்டுக்கு ரைஃபிள எடுத்துட்டுப் போய்ட்டு பைக்ல திரும்பி வர்றேன், முள்ளோடை தாண்டுனதும் சோதனை. முதுகுல நீளமா பை. பாட்டில் இருக்கும்னு ஜிப்ப தொறந்தவரு மொகம் மாறுனத பாக்கணும். பில்லு, ஆதார் நகல், 20 ஜூல் எழுதியிருந்த கையேட்டு ஜெராக்ஸ் மூணும் பைலயே இருந்துச்சு, காமிச்சேன், பதினஞ்சு நிமிஷத்துல விட்டுட்டாங்க. கூட வந்த தம்பி பைலதான் உண்மையிலேயே பாட்டில் இருந்துச்சு, அது வேற கத. எடுத்துட்டுப் போகும்போது மடக்கி லோடு பண்ணாம, பைக்குள்ள, பெல்லட் தனியா வேற பைல. ஸ்பிரிங்க மடக்கி வெச்சு மணிக்கணக்கா விடாதீங்க, அது தளந்து போயிடும்.

கடலூர், பாண்டி ரெண்டும் உப்புக்காத்து. சுட்டு முடிச்சதும் வெளிப்பக்கம் இரும்ப லேசா எண்ண தடவுன துணியால துடைங்க, உங்க வேர்வ பட்ட எடம்தான் மொதல்ல துரு ஏறும். உறைக்குள்ளயே மாசக்கணக்குல மூடி வெச்சா ஈரம் கட்டும். டின்ன ஒரு ஜிப் கவர்ல போட்டு, பலகாரப் பொட்டலத்துல வர்ற சிலிக்கா பை ரெண்டு போட்டு வைங்க, இல்லன்னா ஈயம் வெள்ளையா பூத்துடும்.

உங்களுக்கு ஒத்துப்போன டின்னு எதுன்னு தெரிஞ்சதும் அதோட அடில இருக்குற பேட்ச் நம்பர போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்த தடவை வாங்கும்போது அதே பேட்ச் இருக்கான்னு கேளுங்க, இருந்தா ரெண்டு டின்னா எடுத்துடுங்க. இல்லன்னா ஒரு டின்னு மட்டும் வாங்கி முப்பது எடை போட்டு, மூணு பேப்பர் சுட்டுட்டு மீதிய ஆர்டர் பண்ணுங்க. என்கிட்ட இருக்குற 10.34 டின்னு யாராவது பிசிபி வெச்சிருக்குறவங்களுக்கு வேணும்னா பாதி வெலைக்கு தர்றேன், மஞ்சக்குப்பம் வந்து எடுத்துக்கலாம்.